மாடி ஏறாத வானியலாளர்

வானத்தைப் பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பவர்கள் ஒரு வகை. அவர்களை விட்டுவிடுவோம், பாவம். நாம் பார்க்கப்போவது இரண்டாவது வகையை. கழுத்தை ஓர் அங்குலம்கூடத் தூக்காமல், நாற்காலியில் சாய்ந்தபடி, பூமியின் மறுபக்கத்து மலையில் நிற்கும் தானியங்கித் தொலைநோக்கி ஒன்றை இணையத்தில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, "ஆராய்ச்சி ஆரம்பிச்சிருக்கேன்" என்று சொல்கிறவரை. உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். எங்கள் சரக்கு அனுப்பும் பிரிவில் அவர் எனக்குப் பக்கத்து மேசை.

அவர் ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. முதல் வருடம் எந்தத் தொலைநோக்கி என்று தீர்மானிப்பதில் போனது. இரண்டாம் வருடம், தீர்மானித்தது சரிதானா என்று நான்கு இணையக் குழுக்களில் விசாரிப்பதில் போனது. நடுவில் சுழல் நாற்காலி வந்தது, இரண்டாவது கணினித் திரை வந்தது, திரைக்கு உறை வந்தது, உறைக்குள் ஈரம் சேராமலிருக்க ஒரு பொட்டலம் வந்தது. நட்சத்திரம் மட்டும் வரவில்லை. கேட்டால், "அவசரப்பட்டா அறிவியல் வராது" என்பார். அவருக்கு அவசரம் என்ற குறையை யாரும் சொல்லிவிட முடியாது.

மறுபக்கத்தில் இரவு என்றால் இங்கே பகல். ஆகவே இவருடைய வானியல் காலைச் சிற்றுண்டியோடு நடக்கும். ஒருநாள் அவர் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்திருக்கிறார்.

"மழை வருமான்னு பாத்துச் சொல்லுங்க, மாடில துணி காயுது."

இவர் திரையைப் பார்த்துவிட்டு, "மேகம் நாலு சதவீதம்தான். தாராளமா காயட்டும்" என்றாராம். அது அந்த மலையின் மேகம். அந்த அம்மாள் இப்போது பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்கிறார்.

இப்படிப்பட்டவரிடம்தான் மருந்துக்கடை அக்கா ஒரு வேலையை ஒப்படைத்தார். எங்கள் அலுவலகத்துக்குக் கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர். பத்தொன்பது மாதத்துக்கு ஒருமுறை, நான்கு மணிநேரம் மட்டும், கொஞ்சமாக மங்கி மீளும் நட்சத்திரம் ஒன்றைப் பதினோரு வருடமாகத் தொடர்கிறவர். ஏழு மங்கலைத் தவறாமல் அளந்து நோட்டில் எழுதியிருக்கிறார். இடைவெளி மெல்ல மெல்ல நீள்கிறதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். எட்டாவதையும் அளந்துவிட்டால் சந்தேகம் தீரும். ஆனால் எட்டாவது வரும்போது இங்கே பட்டப்பகல். அந்த மலையில்தான் இருட்டு.

அக்கா மாடியேறி வந்து இவர் மேசையருகே நின்று சொன்னதை நானே கேட்டேன். "அஞ்சு அஞ்சு செகண்டா படம் எடுங்க. அதுக்கு மேல வேண்டாம். இத மட்டும் எனக்காகப் பண்ணிக் குடுங்க." சீட்டிலும் எழுதி, ஐந்தைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தார்.

மனிதர் உண்மையிலேயே உழைத்தார். முதல்நாளே ஒத்திகை பார்த்தார். ஐந்து விநாடிப் படத்தில் என்ன தெரியும்? கறுப்புத் திரையில் நாலைந்து வெள்ளைப் பொட்டு. இதற்கா மூன்று வருடம்? ஒரே படத்தில் முந்நூறு விநாடி ஒளி சேரும்படி வைத்துப் பார்த்தார். நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒரு சிவப்பு மேகம் விரிந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது என்றார். அந்தச் சிலிர்ப்போடு நான்கு மணிநேரத்துக்கும் முந்நூறு என்று கட்டளை போட்டார். தொலைநோக்கி இயந்திரம்தானே, ஏன் என்று அது கேட்கவில்லை.

மறுநாள் மதியம் அலுவலகக் குழுவில் படம் வந்தது. நாற்பத்து மூன்று பாராட்டு. அதில் ஒன்று என்னுடையது. அக்காவுக்கும் அனுப்பினார். "படம் ரொம்ப அழகா இருக்குங்க" என்று பதில் வந்ததை எனக்குக் காட்டினார். பெரிய தொலைநோக்கிக்கு மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றும் சொன்னார்.

சாயங்காலம் தலைவலி மாத்திரை வாங்கப் போன நான், "எட்டாவதும் கிடைச்சிருச்சாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா" என்றார். "கேமராவுல ஒளி ரொம்பி வழிஞ்சிருச்சு. டம்ளர் வழிஞ்சப்புறம் எவ்வளவு ஊத்தினோம்னு எப்படித் தெரியும்? மங்குச்சா இல்லையான்னே சொல்ல முடியாது."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லி? போன நாலு மணிநேரம் திரும்பி வரவா போகுது. அவரு சந்தோஷமா இருக்காரு." மாத்திரையை உறையில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று வழக்கம்போலச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அக்காமேல் இரக்கமும் பக்கத்து மேசைமேல் எரிச்சலும் வந்தது. பாராட்டியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நான் அதைத் திரும்பப் பெறவில்லை.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். தொலைநோக்கியே இல்லாதவருக்கு என்ன பயம் என்ற தைரியம். சரி. கொஞ்சநாள் முன்பு உங்களிடம் ஒருவர் வந்து, இப்படி இப்படி மட்டும் செய்து கொடுங்கள் என்று ஒரு சின்ன வேலை சொன்னாரே. நீங்களும் அவர் கேட்டதைவிட எத்தனையோ மடங்கு பிரமாதமாகச் செய்து கொடுத்தீர்களே. ரொம்ப அழகாக இருக்கிறது என்று அவரும் சொன்னாரே. அதற்குப் பிறகு அவர் உங்களிடம் எதையாவது கேட்டு வந்தாரா?