பிராசசருக்குப் பென்சில் தீட்டிய கதை

ஒன்றுமே தெரியாதவனால் ஒரு வீட்டுக்குப் பெரிய ஆபத்து எதுவும் வந்துவிடாது. அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஆபத்து. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. பத்தொன்பது வயதில் ஒரு பென்சிலைக் கையில் எடுத்து, பெற்ற தாயின் ஐந்து வருட உழைப்பை நாசம் செய்தவன் நான். (கடப்பாரையால் செய்திருந்தால்கூட கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.)

அம்மா உறையூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். நாற்பத்தெட்டு வயதில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். தலைப்பு, மணப்பாறை மாட்டுச் சந்தைத் தரகர்களின் பேச்சு. லீவு போட்டுவிட்டு டேப் ரெக்கார்டரும் கையுமாகப் பஸ் ஏறிப் போவாள். முதலில் சிரித்த தரகர்கள், போகப் போக டீச்சரம்மாவுக்கு டீ சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். சேர்த்ததையெல்லாம் எங்கள் ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றினாள். முந்நூறு பக்கம். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் புது வழிகாட்டி, புதுக் குறைகள், மறுபடி முதலிலிருந்து அலைச்சல். இது எனக்கும் நன்றாகத் தெரியும்.

மே மாதம் ஒருநாள், கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று அம்மா சலித்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஏனென்றால் நண்பன் ஆரோக்கியம் கொடுத்திருந்த கார் பந்தய விளையாட்டு எங்கள் கம்ப்யூட்டரில் மாட்டுவண்டி மாதிரிதான் நகர்ந்தது. நான் சரி பண்ணித் தருகிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்தேன். ஆய்வேட்டுக்காக என்றுதான் சொன்னேன். வாய் கூசவில்லை.

பிரௌசிங் சென்டரில் ஒரு மணி நேரம் படித்து மகா ஞானியாகியிருந்தேன். விஷயம் இதுதான். கம்ப்யூட்டரின் மூளைதான் பிராசசர். எங்கள் பிராசசரின் அடிப்படை வேகம் நூறு. அதை ஏழால் பெருக்கி எழுநூறில் ஓடும். அந்த ஏழு என்ற எண்ணை நாமாக மாற்ற முடியாதபடி பூட்டி அனுப்பியிருப்பார்கள். பூட்டு என்பது வேறொன்றுமில்லை, பிராசசரின் முதுகில் கடுகைவிடச் சிறிய தங்கப் புள்ளிகள் ஜோடி ஜோடியாக இருக்கும், ஜோடிக்கு நடுவே இணைப்பை வெட்டிவிட்டிருப்பார்கள். பென்சில் கரியில் மின்சாரம் ஓடும். ஆகவே புள்ளிக்குப் புள்ளி ஒரு கோடு இழுத்தால் பூட்டு திறந்துவிடும். பிறகு ஏழை ஒன்பதரை ஆக்கலாம். இதை எவனோ ஒருவன் கண்டுபிடித்திருந்தான். நன்றாக இருக்கட்டும் அவன்.

அம்மா விடைத்தாள் திருத்தப் போன ஒரு காலையில் வேலையை ஆரம்பித்தேன். கம்ப்யூட்டரைத் திறந்து, பிராசசர் மேல் இருந்த குட்டி ஃபேனைக் கழற்றி, பிராசசரை எடுத்து, அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கோடு இழுத்தேன். கை தவறி ஒரு கோடு பக்கத்துப் புள்ளியைத் தொட்டது. எச்சில் தொட்டு அழித்தேன். (ஆமாம், எச்சில்தான். மகா ஞானி அல்லவா.) பிராசசருக்கும் ஃபேனுக்கும் நடுவில் சூட்டை இழுக்க வெள்ளையாக ஒரு பசை இருந்தது, அதைத் துடைத்து எறிந்துவிட்டேன். திரும்பப் பூச வேண்டும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கையில் பசை இல்லை. பாத்ரூமில் பற்பசை இருந்தது. அதுவும் வெள்ளைதானே?

எல்லாவற்றையும் மாட்டி, ஏழை ஒன்பதரை ஆக்கி, ஸ்விட்சைப் போட்டேன். திரையில் தொள்ளாயிரத்து ஐம்பது என்று வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சாயங்காலம் அம்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு, படிக்கவைத்ததற்கு ஏதோ உபயோகம் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாள். இரவு எனக்கு இரண்டு தோசை அதிகம்.

பற்பசை காயும். பல் விளக்குகிற எவனுக்கும் தெரிந்த இந்த உண்மை எனக்கு நான்காம் நாள்தான் உறைத்தது. திருச்சி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் இரண்டு மணி, அம்மா முடிவுரையை எழுதி முடித்து சேவ் கொடுத்தாள். திரை அப்படியே நின்றது. பிறகு கருகல் வாசனை. பிறகு திரை இருண்டது. அம்மா கையை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டு, தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்து என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசினாள்.

"நான் ஒண்ணும் பண்ணலடா. சேவ்தான் குடுத்தேன்."

அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டு, சைக்கிளில் உறையூர் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரிடம் ஓடினேன். ஆய்வேடு மொத்தமும் ஒரே கோப்பு. அவர் திறந்தார். பக்கம் பக்கமாகக் கட்டங்களும் கேள்விக்குறிகளும். எனக்கு உயிர் வந்தது. தமிழ் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அந்தக் காலத்தில் எந்தத் தமிழும் அப்படித்தானே தெரியும்! எழுத்துருவை ஏற்றச் சொன்னேன். ஏற்றினார். இப்போது கட்டங்களுக்குப் பதிலாக அழகான தமிழில் ஞஞ, ளூளூ, ஷ்ஷ் என்று முந்நூறு பக்கம் வந்தது. சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போதே பிராசசர் கருகியதில் கோப்பே சிதைந்துபோயிருந்தது. அவர் என் தோளில் கை வைத்து, வேறு பிரதி இருக்குமே தம்பி என்றார்.

இருந்தது. அம்மா கெட்டிக்காரி. ஆறு அத்தியாயத்தையும் ஆறு ஃபிளாப்பியில் பெயர் எழுதி எடுத்து வைத்திருந்தாள். கார் பந்தயத்தை ஆரோக்கியம் வீட்டிலிருந்து துண்டு துண்டாகக் கொண்டுவந்தபோது எனக்கு நாலு ஃபிளாப்பி குறைந்தது. எந்த நாலை எடுத்தேன் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பென்சில், பற்பசை, ஃபிளாப்பி, கார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"வயசான மாட்டுக்குக் கொம்பைச் சீவி வர்ணம் அடிச்சு விப்பாங்கன்னு நாலாவது அத்தியாயத்துல எழுதியிருந்தேன். அதைத்தான் நீ பண்ணியிருக்க."

அம்மா என் கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தாள்.

"அந்த அத்தியாயமும் போச்சா?"

"போச்சும்மா."

ஜூன் போனது, வழிகாட்டியும் போனார். புது வழிகாட்டிக்கு மாட்டுத் தரகர் பேச்சே ஆய்வுப் பொருளாகத் தெரியவில்லை. அவரைச் சம்மதிக்கவைக்க ஒரு வருடம், பழைய கேசட்டுகளை மறுபடி கேட்டு எழுத இரண்டு வருடம். பாதிக் கேசட்டுகளில் நாடா இழுத்துக்கொண்டு கெட்டுவிட்டதால் அம்மா மறுபடி மணப்பாறை பஸ் ஏறினாள். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நான் போனேன். இரண்டு தரகர்கள் இதற்குள் இறந்துபோயிருந்தார்கள். அவர்கள் பேச்சு எந்தக் கேசட்டிலும் மிஞ்சவில்லை. அதற்கு நான் என்ன பண்ணினாலும் ஈடாகாது.

இன்று எங்கள் வீட்டில் மிக்ஸி மெதுவாகச் சுற்றினால் "பென்சில் கொண்டு வரட்டுமா?" என்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்திலேயே அப்பா இந்தக் கதையைச் சொல்லிவிட்டதால், என் மனைவிக்கும் நான் எப்படிப்பட்டவன் என்று முன்கூட்டியே தெரியும். என் மகள் பென்சில் டப்பாவை என் கண்ணில் படாமல் வைக்கிறாள்.

இரண்டாம் முறை ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தது நான்தான். அது நானே கேட்டு வாங்கிக்கொண்ட தண்டனை. கடைசி நாளில் நன்றியுரை மட்டும் பாக்கி. அம்மா பின்னால் நின்று சொல்லச் சொல்ல அடித்தேன். தரகர்களுக்கு நன்றி, இரண்டு வழிகாட்டிகளுக்கும் நன்றி, அப்பாவுக்கு நன்றி. பிறகு அதே குரலில், "இந்த ஆய்வேட்டை என்னை இரண்டு முறை எழுதவைத்த என் மகனுக்கும் நன்றி" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்தேன்.

"சேவ் பண்ணு."

பண்ணினேன்.

"இன்னொரு தடவை பண்ணு."