ட்ரங்க்கில் பூட்டிய அப்பாவின் துப்பாக்கி

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய இர்மா அக்காவுக்கு,

பென்சில்வேனியாவிலிருந்து உன் தம்பி ஆரின் ஸ்டாம்பா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அரிசோனா வெயில் உன் முழங்காலுக்கு இதமாக இருக்கும் என்று நம்புகிறேன். கிளைட் அத்தானுக்குக் காது மறுபடி கேட்கத் தொடங்கியதாக அறிந்து சந்தோஷம், பாவம். இங்கே ஆர்லீனும் நானும் சுகம். சுகம் என்றால் இரண்டு பேரும் நடமாடுகிறோம் என்று அர்த்தம்.

நேற்று போனில் நீ, "சாகக் கெடக்கற தம்பி ஒரு துப்பாக்கி கேட்டான். அத எடுத்துட்டுப் போய்க் காட்டிட்டுத் திரும்பக் கொண்டாந்திருக்கே. நீயெல்லாம் மனுசனா? அவங்கிட்டப் பேசி முடிக்கிற வரைக்கும் எங்கிட்டப் பேசாத" என்று சொல்லிப் பட்டென்று வைத்துவிட்டாய். எனக்கு வாய் திறக்கக்கூட இடமில்லை. கடிதத்தை அப்படிப் பட்டென்று வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். முழுக்கப் படி. அப்புறம் திட்டு.

வெர்லினுக்கு நுரையீரல் போய்விட்டது, அடுத்த இலையுதிர் காலத்தை அவன் பார்க்க மாட்டான் என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். அவன் வெர்மான்ட்டிலிருந்து கூப்பிட்டு, "அண்ணே, இந்த வருச மான் சீசனுக்கு மட்டும் அப்பாவோட துப்பாக்கிய எடுத்துட்டு வா. அத மடியில வச்சுக்கிட்டு மலை மேல ஒருதடவை உக்காரணும்" என்றான். மூத்த மகன் என்று அப்பா என் கையில் கொடுத்த துப்பாக்கி அது. அன்றைக்கு வெர்லின் முகம் எப்படிப் போனது என்று நீயும் பார்த்தாய். இப்போது ஒன்றைக் கவனி அக்கா: அவன் கேட்டது ஒரு சீசனுக்கு. நான் முடிவு செய்தது நிரந்தரமாக. கொடுத்தே விடுவது, அவனுடையதாகவே ஆக்கிவிடுவது என்று தீர்மானித்தேன். இந்தப் பெருந்தன்மையைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நீ உட்பட.

எங்கள் துப்பாக்கி கிளப்பில் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவன் நான் என்பதால், மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கி கொண்டுபோகும் சட்டம் எனக்கு மனப்பாடம். குண்டு போட்டிருக்கக் கூடாது, பூட்டியிருக்க வேண்டும், ஓட்டுகிறவன் கைக்கு எட்டக் கூடாது. எங்கள் கிளப் ஹார்லன் இப்படித் துப்பாக்கி கொண்டுபோகும்போது நியூ ஜெர்சியில் வழியில் தங்கி மாட்டிக்கொண்டு இன்னும் கோர்ட்டுக்கு நடக்கிறான். என் பிக்கப் வண்டியின் பின்பக்கம் திறந்த தொட்டி, மூடிப் பூட்டுகிற ட்ரங்க் கிடையாது. பெட்டிக்குப் பூட்டு போட்டால் போதும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் எனக்குப் போதாது. மகள் பிரெண்டாவின் காரை இரவல் வாங்கினால் ட்ரங்க்கில் பெட்டி குறுக்கே நுழையவில்லை, பின்சீட்டை மடக்கினால் நுழைகிறது, மடக்கினால் அது ட்ரங்க்கே இல்லை, கைக்கு எட்டிவிடுகிறது. கடைசியில் போதகரிடம் கெஞ்சி அவருடைய பழைய நீளக் காரை இரவல் வாங்கினேன். ட்ரங்க்கில் துப்பாக்கிப் பெட்டி, அதற்குப் பூட்டு, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, அதற்கும் பூட்டு, சாவிகள் என் கழுத்தில் கயிற்றில், பக்கத்தில் வெர்லினுக்குப் பிடிக்குமே என்று ஐஸ் பெட்டியில் ஆர்லீன் பன்றி இறைச்சியும் சோளமாவும் சேர்த்துச் செய்த ஸ்க்ராப்பிள். அதற்கு மட்டும் பூட்டு போடவில்லை.

நியூயார்க் மாநிலத்துக்குள் நுழைந்து சற்று நேரத்தில் போதகரின் கார் புகையைக் கக்கி நின்றது. வேறு எங்கும் நிற்கவில்லை, சரியாக, வெளியூர்க்காரன் துப்பாக்கியோடு நிற்கவே கூடாது என்று நான் வகுப்பில் அடித்துச் சொல்லும் இடத்தில். ஒரு மெக்கானிக் இழுத்துப் போய்த் தன் கொட்டகையில் வைத்து, "மதியம் ஆகும் பெரியவரே, போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க" என்றான். ட்ரங்க்கை விட்டுவிட்டு எப்படிப் போவது? காரின் பின்னாலேயே நின்றேன். அவன் காரை லிஃப்ட் மேடையில் ஏற்றி உயர்த்தினான், ட்ரங்க் என் தலைக்கு மேலே போய்விட்டது, அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மாநிலப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். "ஐயா, மேல ட்ரங்க்ல ஒரு துப்பாக்கி இருக்கு. குண்டு போடல. பூட்டியிருக்கு. சாவி என் கழுத்துல. நான் வெளியூரு. வெர்மான்ட்டுக்குப் போறேன். இங்க தங்க மாட்டேன், சத்தியமா தங்க மாட்டேன்!"

அவர் என்னைப் பார்த்தார், மேலே காரைப் பார்த்தார். "சார், மொதல்ல கைய எறக்குங்க. நான் டயருக்குக் காத்தடிக்க வந்தேன்" என்றார். காற்று அடித்தபடியே, "மான் சீசனா? நானும் நாளைக்குப் போறேன். என் மாமனாரோட துப்பாக்கியும் வண்டிலதான் கெடக்கு" என்றார். போகும்போது மெக்கானிக்கிடம், "பெரியவருக்குக் காப்பி குடுப்பா, நடுங்கறாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். வகுப்பில் பாடம் எடுப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

இப்படித் தாமதமாகிப் போனதில்தான் எல்லாம் கெட்டது. வேறு மாநிலத்தில் இருப்பவனுக்குத் துப்பாக்கியைக் கொடுக்க வேண்டுமானால், கூடப் பிறந்தவனே ஆனாலும், அவன் ஊரில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை மூலம்தான் கொடுக்க வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது கடை பூட்டிக் கிடந்தது. 'மான் பார்க்கப் போயிருக்கிறோம்' என்று கதவில் அட்டை. மறுநாள் சீசன் தொடக்கம், கடைக்காரி ஃபே அம்மாள் முந்தின நாளே காட்டுக்குப் போய்விட்டாள். நம் ஊரில் சீசன் தொடங்கும் நாளில் பள்ளிக்கூடத்தையே மூடுகிறார்கள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் போனில் என் பெயரையும் நம்பரையும் சொல்லிவைத்துவிட்டு வெர்லின் வீட்டுக்குப் போனேன்.

வெர்லின் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுக் கோட்டு மாட்டி, மூக்கில் குழாயோடு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். மத்தியானத்திலிருந்தே அப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று அவன் பெண்டாட்டி கோரா சொன்னாள். ட்ரங்க்கைத் திறந்து, பெட்டியைத் திறந்து காட்டினேன். கை நீட்டினான். "தொட்டுக்கோ. எடுத்துக்கக் கூடாது" என்றேன்.

"இதென்னண்ணே, மியூசியமா?"

நான் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். கடை வழியாகத்தான் கொடுக்க முடியும், நான் செத்து உயிலில் எழுதி வைத்தால் மட்டும் நேராக அவனுக்குப் போகும் என்றேன். அவன் இருமி முடித்துவிட்டு, "அப்போ நீ செத்தாத்தான் எனக்குக் கெடைக்கும். சாகப்போறவன் நான்ணே. உனக்காகக் காத்திருக்க எனக்கு ஏது நேரம்?" என்றான். அப்புறம், "சரி, குடுக்க வேணாம். ரெண்டு நாளைக்குக் கடனாத் தா" என்றான்.

"குடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டு, கடன்னு பேர் மாத்தி ஏமாத்தச் சொல்றியா? என்னால முடியாது" என்றேன்.

ஸ்க்ராப்பிள் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். வாங்காமல் பார்த்தான். "இதுக்குக் கடைக்காரி வர வேணாமாண்ணே?"

மறுநாள் விடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரன் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள, வெர்லின் மலை ஏறினான். அவனுடைய சொந்தத் துப்பாக்கியைக் கோரா நீட்டினாள், வேண்டாம் என்றுவிட்டான். வெறுங்கையோடு போனான். நான் கீழே காரில் உட்கார்ந்து ட்ரங்க்கைக் காவல் காத்தேன். மத்தியானம் இறங்கி வந்தான், உதடு நீலமாக இருந்தது. "வந்துச்சுண்ணே. எட்டுக் கெளைக் கொம்பு. பக்கத்துல வந்து நின்னுச்சு. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினேன். போயிடுச்சு" என்றான். நான் ஏதோ சொல்ல வந்தேன். "நீ கெளம்புண்ணே. வீட்டுல சட்டம் தனியாக் காத்துக்கிட்டிருக்கும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டான்.

எனக்கு வலித்தது அக்கா. வழி நெடுக வலித்தது. ஒரு தப்பும் செய்யாமல் வீடு திரும்பிய என்னை நீ மனிதனா என்று கேட்கிறாய். சட்டப்படி நடந்தவன் ஒருத்தன் நம் குடும்பத்தில் இருந்தான் என்றாவது நினைத்துக்கொள். நான் செய்தது சரி. நாளைக்கு மறுபடி நடந்தாலும் இதையேதான் செய்வேன். இதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

கிளைட் அத்தானுக்கு என் வணக்கம். கர்த்தர் உங்கள் இருவரையும் நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் வைத்துக் காக்கட்டும். ஆர்லீன் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

மரியாதையுள்ள தம்பி,
ஆரின்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. உறையை ஒட்டும் நேரத்தில் ஃபே அம்மாள் கூப்பிட்டாள். மான் அடித்த சந்தோஷத்தில் இருந்தாள். நான் முழுக் கதையையும் சொன்னேன். "குடுக்கறதுன்னாத்தான் எங்கிட்ட வரணும் சார். வேட்டைக்குக் கடன் குடுக்க நான் எதுக்கு? அதுக்குச் சட்டத்துலயே எடம் இருக்கே. அவர்கிட்ட வேட்டை லைசென்ஸ் இருக்குல்ல? அப்புறம் என்ன? நீங்க கிளப்புல பாடம் எடுக்கறவர்னு சொன்னீங்க?" என்றாள். சீசன் வரும் ஞாயிறு வரைக்கும் இருக்கிறதாம்.

உடனே வெர்லின் வீட்டுக்குப் போன் போட்டேன். இனி அவனால் மலை ஏற முடியாது, கட்டிலைப் பின்பக்க ஜன்னலோரம் போட்டிருக்கிறோம், சாயங்காலம் ஆப்பிள் மரத்தடிக்கு மான் வரும், அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றாள் கோரா. பிறகு போனை அவனிடம் கொடுத்தாள். கடனாகவே தருகிறேன், கொண்டு வருகிறேன் என்றேன்.

"எத்தன நாளைக்குண்ணே?"

"உனக்கு வேணுங்கற வரைக்கும்."

"அப்போ ரொம்ப நாள் ஆகாது. சீக்கிரம் கொண்டா" என்றான்.

என் பிக்கப்பிலேயே போகிறேன். துப்பாக்கிப் பெட்டி பக்கத்து சீட்டின் பின்னால் பூட்டிக் கிடக்கிறது. ஆர்லீன் இதைத் தபாலில் சேர்ப்பாள்.