முப்பத்தேழாம் நம்பர் வண்டியை எடுத்துப் போகும்படி

போடிநாயக்கனூர்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பிரபாகரன் அவர்களுக்கு, மாமனார் மொக்கச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அத்தை அன்னக்கொடியும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதியிருக்கிறேன். அதை நம்ப வேண்டாம். அங்கு தாங்களும் நிலாவும் சுகமாக இருப்பீர்கள். போனில் சொல்லலாம் என்றால், நிலா பாதியிலேயே வாங்கி, "சரிப்பா, மாத்திரை போட்டியாப்பா?" என்று கேட்டு வைத்துவிடுகிறாள். கடிதத்தை யாரும் பாதியில் பிடுங்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. விஷயம் ஒன்றே ஒன்றுதான். நம் வீட்டுத் தகர செட்டில் தாங்கள் நிறுத்திவிட்டுப் போன இத்தாலி ரேஸ் காரை இந்த வாரத்துக்குள் எடுத்துப் போய்விடுங்கள்.

மலை மேல் எஸ்டேட் பங்களாவில் எந்தக் காலத்திலோ ஒரு துரை விட்டுப்போன வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கியது உங்கள் சாமர்த்தியம். சென்னையில் கடல் காற்று ஆகாது, போடிக் காற்று உலர்ந்த காற்று, கொஞ்ச நாள் மாமா வீட்டில் இருக்கட்டும் என்றீர்கள். நானும் தலையாட்டினேன். மாப்பிள்ளை, ஆயுசு பூரா மலை பஸ்ஸில் கண்டக்டராக நின்றவன் நான். போடிமெட்டு வளைவு ஒவ்வொன்றிலும் கம்பியைப் பிடித்துத் தொங்கி இடுப்பு தேய்ந்தவன். ரிட்டயர் ஆனபிறகு நகராத பொருளாகப் பார்த்து உட்கார வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. அப்படிப்பட்டவன் வீட்டுக்குத்தான் கூரை இல்லாமல், பை வைக்க இடம் இல்லாமல், இரண்டே சீட்டோடு, என் இடுப்பு உயரத்துக்கு ஒரு வண்டி வந்து இறங்கியது. லாரியிலிருந்து அதை இறக்கிய லோடுமேன்கள், "இதுக்கு ஏலக்கா மூட்டையே தேவல, பிடிக்கவாச்சும் இடம் இருக்கும்" என்றார்கள். வெரசாப் போறதுக்கென்றே செய்த வண்டியாம். வந்த நாளிலிருந்து ஒரு அடி நகரவில்லை.

தாங்கள் போட்ட கட்டளை ஒன்றுதான்: துணிகொண்டு துடைக்கக்கூடக் கூடாது, பழைய பெயிண்ட் உரிந்தது உரிந்தபடி இருக்க வேண்டும், முக்கியமாகக் கதவில் வெள்ளை வட்டத்துக்குள் கையால் எழுதிய அந்த 37 அப்படியே இருக்க வேண்டும், சென்னையில் பழைய கார்க்காரர்கள் கூடும்போது அதைப் பார்த்துத்தான் மதிப்பார்கள் என்று. சரி என்றேன். ஆனால் வண்டி வந்த அன்றைக்கே உங்க அத்தை மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றாள். "மாப்பிள்ளை தொடக்கூடாதுன்னுட்டாரு" என்றேன். "காரு வாங்கிப் பூசை போடாம வச்சா விளங்குமா? ஊருல கேட்டா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள். ஊரில் யாரும் கேட்கக் காத்திருக்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள். கண்டக்டர் வீட்டில் கார் வாங்கியும் துடைக்க ஒரு கந்தைத் துணி இல்லை என்று தெருவே பேசியது. இரக்கப்பட்டு ஒருவர் வாளியில் தண்ணீரோடு வந்தார். அவரை நான் விரட்டியதில் இரண்டு வீட்டுப் பேச்சுவார்த்தை நின்றுபோச்சு.

இதுவரைக்கும் பரவாயில்லை. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போற ஜீப் டிரைவர் தவசி இருக்கானே, அவன் ஒருநாள் செட்டுக்குள்ள எட்டிப் பாத்தான். "என்னண்ணே, 37ன்னு போட்டிருக்கு?"ன்னான். ரேஸ் நம்பர்டான்னேன். அவன் காதுல நம்பர் மட்டும்தான் விழுந்திருக்கு. மெட்டு ஏறினதும் அந்தப் பக்கம் கேரளா லாட்டரிக் கடையில முப்பத்தேழுல முடியுற சீட்டா ஒண்ணு வாங்கிட்டான். அதுக்கு ஒரு சின்னப் பரிசும் விழுந்துபோச்சு. அவ்வளவுதான் மாப்ளே. மறுநாள் விடியும்போது நம்ம வாசல்ல வரிசையா ஜீப்பு. களையெடுக்கப் போற பொம்பளைங்க தூக்குவாளியோட இறங்கி, வண்டியைக் கும்பிட்டுட்டு மலை ஏறுறாங்க. லாட்டரி விக்கிற மலையாளத்துக்காரர் ஒருத்தர் அங்கேயிருந்து கீழ இறங்கி வந்து, "சேட்டா, வண்டி கொள்ளாம் கேட்டோ"ன்னு, வண்டி நல்லாருக்காம், என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போறாரு.

அடுத்த வாரம் ஒருத்தருக்கும் ஒண்ணும் விழல. நிம்மதியா இருந்தேன். ஆனா அவங்க வண்டியைச் சந்தேகப்படல, என்னையத்தான் சந்தேகப்பட்டாங்க. "பூசை புனஸ்காரம் இல்லாம வச்சிருக்கீங்க, அதான் பவர் போச்சு"ன்னு தவசி என் முகத்துக்கு நேராவே சொல்றான். நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்துல, எல்லாருமா சேர்ந்து அந்த வட்டத்து மேல சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வச்சுட்டாங்க. உங்க அத்தையும் கூட நின்னிருக்கா. நான் வந்து பாத்ததும் பஞ்சைத் தேடி ஓடினேன். மெல்ல, பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி, பஞ்சால ஒத்தி ஒத்தித்தான் எடுத்தேன் மாப்ளே. காஞ்ச சந்தனம் ஏழோட மேல் கோட்டையும் சேத்து உரிச்சுக்கிட்டு வந்திருச்சு. இப்ப அது முப்பத்தொண்ணு மாதிரி தெரியுது. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நினைச்சு எனக்குச் சோறு இறங்கல. ஊருக்கோ ஒரே கொண்டாட்டம். வண்டி தானாவே நம்பர் மாத்திக் குடுத்திருச்சாம்! இப்ப பொட்டிபுரத்துலருந்தெல்லாம் வர்றாங்க. தை பொறந்ததும் செட்டுக்கு முன்னாடி ஒரு மணி கட்டலாம்னு வசூல் பேச்சு நடக்குது.

போலீஸ்ல சொல்ல முடியுமா? சாமி கும்பிடுறாங்கன்னு எழுதிக் குடுக்கவா? உங்க அத்தைதான் ஒரு வழி சொன்னா: "வண்டிக்குள்ள ஆள் உக்காந்திருந்தா எவன் கையை வைப்பான்?" அன்னையிலருந்து சாயங்காலமானா ரெண்டு பேரும் காவலுக்கு ஏறி உக்காந்துக்கிறோம். நான் டிரைவர் சீட்டுன்னு வலப்பக்கம் ஏறுனேன், இத்தாலிக்காரன் வண்டியாச்சே, ஸ்டீயரிங் இடப்பக்கம் அவ பக்கம் இருக்கு. கல்யாணமான நாளா அப்படித்தான், அதனால நானும் பெருசா எடுத்துக்கல. ஆனா முட்டி மடங்க மாட்டேங்குது, இறங்கணும்னா தவசி வந்து அக்குளைப் பிடிச்சுத் தூக்கணும். எனக்கு அலுத்துப்போச்சு மாப்ளே. அனுப்புறேன்னு நீங்க சொன்ன லாரியை எதிர்பாத்து எதிர்பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. மிச்சமிருக்கிற அந்த மூணையாவது காப்பாத்தணும்னா உடனே அனுப்புங்க.

தங்களுக்கும் நிலாவுக்கும் எல்லா நலமும் சேர வேண்டும், வீட்டில் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள மாமனார்,
மொக்கச்சாமி.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் அனுப்பிய லாரி வந்துவிட்டது. கயிறு, பலகை எல்லாம் கொண்டாந்திருந்தாங்க. டிரைவர் இறங்கி, "மொக்கச்சாமி வீடு இதானுங்களா?"ன்னு கேட்டாரு. ஆமான்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். செட்டுக்குள்ள உங்க அத்தை காவல் நேரத்துக்கு முன்னாடியே ஏறி உக்காந்திருந்தா. தலையில பூ வச்சிருந்தா. என் பஸ்ஸுல அவ எத்தனையோ தடவை மலை ஏறியிருக்கா மாப்ளே. அவ லேடீஸ் சீட்டுல, நான் படிக்கட்டுல. பக்கத்துல உக்காந்து பேசினது இந்த வண்டியிலதான். அந்த மொக்கச்சாமி பொட்டிபுரத்துல இருக்காருன்னு டிரைவர்கிட்ட சொல்லிட்டேன். அவர் கோபமா உங்களுக்குப் போன் பண்ணுவாரு, கொஞ்சம் சமாளிச்சுக்கங்க. வண்டியைத் தை கழிஞ்சு எடுத்துக்கலாம். எந்தத் தைன்னு கேக்காதீங்க.