போர்வை சாரும் சனிக்கிழமைப் பானையும்

அன்னிக்கி மலை மேல கூடாரத்துல இருந்தவங்க இவங்கதான். சர்வேயர் சார். அவருக்கு அளவுச் சங்கிலி புடிக்கிற மொட்டையன். கொடி புடிக்கிற சின்னதுரை. வழி காட்ட வந்த மலைக்காரரு சடையன். சோறாக்க நான், கோயிந்தன். மொத்தம் அஞ்சு பேரு.

கள்ளக்குறிச்சியிலேர்ந்து வெள்ளிமலை வரைக்கும், சோத்துப் பானைக்குப் போர்வை போத்தித் தூங்க வச்ச மனுசன் அந்த சர்வேயர் ஒருத்தருதான். குளுருல நடுங்கிக்கினு படுப்பாரு. தனக்குப் போத்திக்க மாட்டாரு. போர்வை பானைக்கு. அவரு பேரு சம்பளப் பட்டியல்ல இருந்துது. எங்களுக்கு அவரு போர்வை சார்.

சுதந்திரம் வந்து பத்துப் பதினைஞ்சு வருசம் இருக்கும். வெள்ளிமலைக்கு அப்ப ரோடு கெடையாது. ரோடு போட அளவெடுக்கப் போன கூட்டம் நாங்க. நான் வடக்கனந்தலு. நாலாவது வரைக்கும் படிப்பு. சார் கொச்சிப் பக்கம். யூதர். அப்படி ஒரு சனம் இருக்குதுன்னே அவரப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கினோம்.

மொத வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னக் கூப்ட்டாரு.

"கோவிந்தா, பொழுது சாயறதுக்குள்ள நாளைக்கும் சேர்த்து சமைச்சிடு."

"நாளச் சோத்த நாளைக்கி ஆக்கித் தரேன் சார். நான் இன்னா ஓடியா பூடுவேன்?"

"வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா சனிக்கிழமை பொழுது சாயற வரைக்கும் எங்களுக்கு நெருப்பு மூட்டக் கூடாது. சமைக்கக் கூடாது. ஆனா சூடா சாப்பிடலாம்."

அந்த 'ஆனா'வுலதான் என் பொழப்பு மாட்டிக்கிச்சி.

அரிசியும் மொச்சையும் போட்டு ஒரு பானை ஆக்கினேன். பொழுது எறங்கறதுக்கு முன்ன சாரு கங்க சாம்பலால மூடினாரு. மேல ஒரு தகரம். தகரத்து மேல வெந்நீர்க் கெட்டில். பானைய எறக்கி, மூடியச் சுத்தி மாவு பூசி, தன் கம்பளியால சுத்தினாரு. ரெண்டு பக்கமும் கயித்தால கட்டினாரு. கூடாரத்து மூலையில வச்சாரு.

மொட்டையன் எட்டிப் பாத்தான். "யோவ் கோயிந்தா, எங்க ஊர்ல செத்தவங்களத்தான்யா இப்படிக் கட்டுவாங்க."

அந்த மூலைப் பக்கம் காலு நீட்டிப் படுக்க ஆளில்ல.

அடுத்த வாரம் நல்லது பண்றதா நெனச்சி ஒண்ணு பண்ணேன். கோடு போட வச்சிருந்த சுண்ணாம்பு மூட்டையில பானையப் பொதச்சேன். ஈரம் பட்டா சுண்ணாம்பு கொதிக்கும். போர்வைய வுட சூடு ஜாஸ்தி. சாரு தலையில கை வச்சிக்கினாரு.

"சுண்ணாம்பு ஆகாது. உப்பு ஆகாது. மணல் ஆகாது."

"ஏன் சார்?"

"அதெல்லாம் சூடு குடுக்கும். போர்வை குடுக்காது. இருக்கறத விடாம வச்சிக்கும். அவ்வளவுதான்."

"எப்ப எழுதி வச்சது சார் இது?"

"ஆயிரம் வருசத்துக்கு மேல."

"அப்பவே ஒருத்தன் சுண்ணாம்புல வச்சிருக்கான்."

"வச்சிருக்கான்" என்னாரு. சிரிக்கல.

இன்னொரு சனிக்கிழமை கங்கு செத்துக்கினே வந்துது. பாவமா இருந்துது. ரெண்டு சுள்ளி தள்ளினேன். பாத்துட்டாரு.

"நான் கேட்டேனா?"

"கேக்கலீங்க."

"எனக்காகத்தானே போட்ட?"

"ஆமாங்க."

"அதான் வேண்டாம்" என்னாரு. கெட்டில தொடல.

அதுக்கு அடுத்த வாரமும் சுள்ளி போட்டேன். "இது எனக்கு சார், டீக்கு" என்னேன். "அப்ப குடி" என்னாரு. ஒரு கெட்டில் முழுக்க நான் குடிச்சி முடிக்கற வரைக்கும் எதிர்ல ஒக்காந்து பாத்தாரு. அன்னிக்கிப் பூரா பொதருக்கும் கூடாரத்துக்குமா நடந்தேன்.

போவப் போவ எனக்கே பாடம் ஆயிடுச்சி. சனிக்கிழமை பேனா தொட மாட்டாரு. லாந்தர் தொட மாட்டாரு. துணி, காயிதம் கிழிக்க மாட்டாரு. மழையில நனைஞ்ச துண்டப் புழிய மாட்டாரு, சொட்டச் சொட்டத் தோள்ல கெடக்கும். கூடாரத்த வுட்டு ஒரு பொருள வெளிய எடுத்தும் போவ மாட்டாரு. பானையப் பிரிச்சா கரண்டி போட்டுக் கலக்க மாட்டாரு, திரும்பி அடுப்புல ஏத்த மாட்டாரு.

ஆனா அந்தப் பானைதான் எங்களுக்கு ஒத்துக்கல. கல்வராயன் மலையில பனி எறங்கினா பட்டப்பகல்லயே எதிர்ல நிக்கறவன் மூஞ்சி தெரியாது. கூடாரத்துக்குள்ளயும் பனி வரும். மூலையில அந்த மூட்டை மட்டும் கருப்பா இருக்கும். கிட்ட கை வச்சா ஒடம்பு மாதிரி கதகதன்னு இருக்கும். உள்ள 'ம்ம்'ன்னு ஒரு சத்தம். கம்பளி ஏறும், எறங்கும். காத்துன்னு சொன்னாரு சாரு. காத்தில்லாத அன்னிக்கும் ஏறி எறங்கிச்சி.

சடையன் அதுக்கு முதுகு காட்டி ஒக்காந்ததே இல்ல. மலையில எப்படி இருக்கணும்னு அவருதான் எங்களுக்குச் சொன்னாரு. "பனிக்குள்ள பேரு சொல்லிக் கூப்ட்டா வாயத் தெறக்காதீங்க. மனுசன்னா மூணு தரம் கூப்புடுவான். அது ஒரு தரந்தான் கூப்புடும்." நாங்க கெட்டியாப் புடிச்சிக்கினோம். சாருக்கு ஒரு சட்டம்னா எங்களுக்கு ஒரு சட்டம்.

மூணு நாளு வுடாம மழை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மேட்டுல வுட்டுட்டு வந்த சங்கிலிய எடுக்க மொட்டையன் போனான். திரும்பல. இருட்டற வரைக்கும் தேடினோம். சனிக்கிழமை காலையில சாரும் கூட வந்தாரு. பள்ளம் பள்ளமா கத்திக்கினு நடந்தோம். உச்சிப் பொழுதுக்குப் பனி மூடிக்கிச்சி. தன் கை தனக்குத் தெரியல. கூடாரத்துக்கு வந்து ஒக்காந்தோம். வெளிய வெறகு பூரா ஊறிக் கெடந்துது. நெருப்புன்னு இருந்தது தகரத்துக்கு அடியில இருந்த கங்குதான்.

அப்பக் கூப்ட்டுது.

"சின்னதுரை."

மொட்டையன் கொரலு. சின்னதுரை என் கையப் புடிச்சிக்கினான். ரெண்டாந்தரம் வரல.

"சடையா."

சடையன் தலையக் குனிஞ்சிக்கினாரு.

"கோயிந்தா."

பதிலு வாய் வரைக்கும் வந்துது. முழுங்கினேன். இன்னும் ரெண்டு தரம் கூப்புடு, வரேன்னு மனசுல சொல்லிக்கினேன். கூப்புடல. மூலையில பானை 'ம்ம்'ன்னுது.

"சார்."

"இதோ வரேன்" என்னாரு சாரு.

சடையன் அவரு காலப் புடிச்சாரு. "போவாதீங்க சார். அது அவன் இல்ல."

"அவன் இல்லன்னா திரும்பி வந்துடறேன்."

கெட்டில நகத்தி, தகரத்தத் தூக்கி, சாம்பலக் கெளறினாரு. அவரு கையாலயே. கூடாரத்துல காய வச்சிருந்த சுள்ளிய வச்சி ஊதினாரு.

"நான் பண்றேங்க சார், நீங்க தொடாதீங்க" என்னேன்.

"உயிருக்குன்னா நானே செய்யணும். அதுவும் சட்டத்துல இருக்கு."

லாந்தரக் கொளுத்தினாரு. எடுத்துக்கினு வெளிய போனாரு. பத்தடியில வெளிச்சம் காணாமப் பூடுச்சி.

எவ்வளவு நேரம்னு சொல்லத் தெரியல. வந்தாரு. தோள்ல மொட்டையன். கட்டை மாதிரி வெறச்சிக் கெடந்தான். ஒதடு நீலம். பல்லு கிட்டிக்கினு இருந்துது. சாரு அவன் சட்டையக் கிழிச்சாரு. துண்ட வெந்நீர்ல முக்கிப் புழிஞ்சி நெஞ்சுல ஒத்தினாரு. பானைக் கட்ட அவுத்து அந்தக் கம்பளிய அவனுக்குச் சுத்தினாரு. ஒரு நா பூரா பானைச் சூட்டப் புடிச்சி வச்சிருந்த கம்பளி. பானையில தண்ணி வுட்டு அடுப்புல ஏத்திக் கொதிக்க வச்சாரு. கரண்டியால கலக்கிக் கஞ்சியாக்கினாரு. பல்லு சந்துல வுட்டாரு. ரெண்டு கரண்டி வழிஞ்சிடுச்சி. மூணாவது எறங்கிச்சி.

அப்புறம் பேனா எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கடுதாசி எழுதினாரு. சடையன் அத வாங்கிக்கினு கச்சிராயபாளையத்துக்கு எறங்கினாரு.

மூலையில கம்பளிக்குள்ள மொட்டையன். ஏறி எறங்கிச்சி.

"பானையும் இவனும் ஒரே மாதிரி கீறாங்க சார்" என்னான் சின்னதுரை. அப்பத்தான் எல்லாரும் மூச்சு வுட்டோம்.

சாரு ரெண்டு கையும் சாம்பலா ஒக்காந்திருந்தாரு.

"இவ்ளோ மீறிட்டீங்களே சார்?"

"மீறல கோவிந்தா. இதான் சட்டம். நீ எண்ணிக்கிட்டு இருக்காத."

மறுநாள் மொட்டையனத் தூளி கட்டித் தூக்கினு எறங்கினோம். பத்து நாளு கழிச்சி கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில ஒக்காந்து இட்லி தின்னுக்கினு இருந்தான்.

"ஒருத்தர் ஒருத்தராக் கூப்ட்டியேடா" என்னேன்.

"நானா? வெள்ளிக்கிழமையே பல்லு கிட்டிக்கிச்சிய்யா. கத்திக் கத்திப் பாத்தேன், காத்து கூட வரல. நான் எங்கயா கூப்ட்டேன்?"

மலைக்குத் திரும்பினதும் சாரு கிட்ட சொன்னேன். அன்னிக்கி வெள்ளிக்கிழமை. வேற கம்பளியில பானையக் கட்டிக்கினு இருந்தாரு.

"யாரோ கூப்பிட்டாங்க. போனேன்" என்னாரு. முடிச்ச இறுக்கினாரு.

அந்தப் பழைய கம்பளி மொட்டையன் வூட்டுல ரொம்ப நாளு இருந்துது. ரோடு வந்துது. சாரு மாத்தலாகிப் பூட்டாரு. இன்னிக்கும் சனிக்கிழமை அடுப்புல சுள்ளி வச்சா அவரு எதிர்ல ஒக்காந்து பாக்கற மாதிரி இருக்கும்.

எண்ணாதன்னீங்க. எண்ணிட்டேன் சார். அன்னிக்கி நான் மீறினது ஒண்ணுமில்ல. நீங்க மீறினது ஒன்பது.