அர்பாபுக்கு நான் தேர்ந்தெடுத்த துப்பாக்கி

அந்த டிசம்பரில் என் மச்சினன் அஸ்கர் அலியின் கல்யாணத்துக்குப் போவதில்லை என்று நான் முடிவு செய்தேன். உறுதியான முடிவு. கல்லில் செதுக்கிய முடிவு. என் மனைவி அஸ்மத் பீவிக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை. சொன்னால் கல் தாங்காது.

காரணம் இருந்தது. முந்தின தடவை எங்கள் ஊர் கீழக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது முப்பத்தேழு பேர் என்னிடம் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் கொடுத்தார்கள். எல்லோருக்கும் மஸ்கட் விசா வேண்டுமாம். நானோ மஸ்கட் ரூவியில் ஒரு டைல்ஸ் கடையில் சூப்பர்வைசர். எனக்கே விசா கொடுத்தவர் கடை முதலாளியான அர்பாப் ஈசா. இதை எடுத்துச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஒரு பெரியவர் தன் ஜெராக்ஸை என் சட்டைப் பையில் செருகிவிட்டு, நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் என் பக்கம் இருந்த கறித்துண்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

எப்படித் தப்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அர்பாப் என்னைக் கூப்பிட்டார்.

"சேக், டிசம்பர்ல பத்து நாள் மொராக்கோ போறேன். மலையில கவுதாரி வேட்டை. என் பழைய துப்பாக்கி கனம். தோள் வலிக்குது. புதுசு ஒண்ணு வேணும். மலிவாவும் வேண்டாம், ராஜா வீட்டு விலையும் வேண்டாம். நடுத்தரமாப் பார்த்து எடு."

"நானா அர்பாப்?"

"ஆயிரம் டைல்ஸ்ல ஒரு கீறலைக் கண்டுபிடிக்கிற ஆள் நீ. துப்பாக்கி என்ன பெரிய விஷயம்? நல்லதா எடுத்துட்டா நீயும் கூட வா. துப்பாக்கியைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். உன் வருஷ லீவுல கழிச்சுக்கலாம். கலாஸ்."

வருஷத்துக்கு ஒரு லீவு. அது மொராக்கோவில் கழிந்துவிட்டால் கீழக்கரைக்கு ஏது லீவு? ஒரே துப்பாக்கியில் கவுதாரியும் விழும், முப்பத்தேழு ஜெராக்ஸும் விழும். நான் தலையாட்டினேன். ஒரு சின்னக் குறைதான். என் வாழ்நாளில் நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் பொய்யைச் சொல்லிவிட்டேன். ஆறவிட்டால் பொய் கெட்டுப்போகும்.

"அஸ்மத், டிசம்பர்ல லீவு மாஃபி, கிடையவே கிடையாது. கடையில ஸ்டாக் எடுக்கணுமாம்."

"சரி மச்சான்," என்றாள்.

அழவில்லை. ஊருக்குப் போன் போடக் கார்டு சுரண்டவில்லை. பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியவன் அந்தச் 'சரி'யைக் கேட்டதுமே உஷாராகியிருக்க வேண்டும். நான் மடையன், நிம்மதியாகி, துப்பாக்கிக் கடையில் வாங்கி வந்த நாலு புத்தகங்களைத் தரையில் விரித்தேன். எல்லாம் துப்பாக்கிப் படங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

அஸ்மத் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் தைப்பாள், அர்பாப் வில்லாவுக்கும் தைப்பாள்.

"என்னது இது?"

"அர்பாபுக்குத் துப்பாக்கி. நான்தான் தேர்ந்தெடுக்கணும். உனக்குப் புரியாது."

"எதைச் சுட?"

"கவுதாரி."

"எம்புட்டுப் பெருசு?"

"காடையை விடப் பெருசு, கோழியை விடச் சிறுசு."

"அப்ப இந்தப் பெரிய துப்பாக்கி எதுக்கு? சுட்டா ஆணம் காய்ச்சக் கறி மிஞ்சுமா, இறகு மிஞ்சுமா?"

நான் பொறுமையாக விளக்கினேன். "இது பன்னிரண்டு போர். இது இருபது போர். போர்னா குழலோட அளவு. ஆனா இருபதுதான் சின்னது, பன்னிரண்டு பெருசு. அது ஏன்னு கேட்காதே. எனக்கே காலையிலிருந்து தலை சுத்துது."

"இதுல சுத்த என்ன இருக்கு? நூல்கண்டு மாதிரிதானே? நாப்பதாம் நம்பர் தடிப்பு, அறுபதாம் நம்பர் மெலிசு. நம்பர் ஏற ஏற மெலியும்."

துப்பாக்கிக் கடைக்காரர் அரை மணி நேரம் சொல்லியும் என் மண்டையில் ஏறாத விஷயம் அது. அவள் ஒரு நூல்கண்டில் முடித்துவிட்டாள்.

"கனம் எம்புட்டு?"

"இது மூணே கால் கிலோ. இது ரெண்டே முக்கால். அரைக் கிலோதான் வித்தியாசம். அதெல்லாம் ஒரு கனமா?"

அவள் எழுந்து போய் அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "கையை மடக்காம இதைப் பிடிச்சுக்கிட்டு நாலு மாடி ஏறி இறங்கிட்டு வாங்க."

போனேன். இரண்டாம் மாடியில் கை நடுங்கியது. மூன்றாம் மாடியில் பாகிஸ்தானி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "பாய், சர்க்கரை யாருக்கு?" என்று பரிவோடு கேட்டார். திரும்பி வந்து சொன்னேன்: "இருபது போர்."

"மலையில நாள் பூரா நடக்கணுமே. அதான். சரி, இதுல அஞ்சு தோட்டா போடலாம்னு போட்டிருக்கே?"

"ஆமா! ஒண்ணு தப்பினா அடுத்தது. அடுத்தது தப்பினா அதுக்கு அடுத்தது."

"ரெண்டு வெடிக்கும் விழாத கவுதாரி, மூணாவது வெடிக்கு அங்கேயே நின்னுக்கிட்டா இருக்கும்?"

நிற்காது. இரட்டைக் குழல் என்று குறித்துக்கொண்டேன்.

குழல் முனையில் திருகி மாட்டும் சின்னச் சின்ன வளையங்கள் ஒரு படத்தில் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு அகலம். அது எதற்கு என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "இது இடியாப்ப உரல்ல அச்சு மாத்துற மாதிரி. உள்ளே இருக்கிற சின்னக் குண்டெல்லாம் சேர்ந்து போகணுமா, விரிஞ்சு போகணுமாங்கிறதுக்கு. கவுதாரி காலடியிலிருந்து விருட்டுன்னு எழும்பும். அப்ப விரிஞ்சு போற அச்சுதான் வேணும்."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் வேறு இடத்தில் பிறந்திருந்தால் ஒரு ராணுவத்துக்கே சாமான் வாங்கிப் போட்டிருப்பாள்.

கடைசியில் விலை. மூவாயிரம் ரியாலுக்கு ஒன்று இருந்தது. "இதுல என்ன விசேஷம்?" என்றாள்.

"தங்கத்துல கவுதாரிப் படம் செதுக்கியிருக்கு."

"அதைப் பார்த்து நெசக் கவுதாரி வந்து பக்கத்துல உக்காருமா?"

"உக்காராது."

"இந்த நூறு ரியால் துப்பாக்கி?"

"குழலையும் கட்டையையும் சேர்க்கிற பூட்டு சரியில்லை, ரெண்டு சீசன்ல ஆட ஆரம்பிச்சுடும்னு கடையிலேயே சொன்னாங்க."

"அப்ப நடுவுல எடுங்க. பூட்டு ஆடக்கூடாது. பாறையில உரசினா மனசும் ஆடக்கூடாது."

நானூற்றைம்பது ரியாலில் ஒன்றைக் காட்டினாள். இருபது போர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழல். படம் கிடையாது, பகட்டு கிடையாது, வால்நட் கட்டை. அவ்வளவுதான் என்று நான் புத்தகத்தை மூடினேன்.

"மூடாதீங்க. அளவு?"

"என்ன அளவு?"

"விசையிலிருந்து தோள்ல வெக்கிற கட்டை முடிவு வரைக்கும் ஆளுக்கு ஏத்த மாதிரி வெட்டித் தருவாங்கன்னு கடைசிப் பக்கத்துல போட்டிருக்கு பாருங்க. முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரைக்கும் அளவு வேணும். அளவெடுக்காம ஒரு ஜாக்கெட்டே தைக்க முடியாது. துப்பாக்கி எப்படிப் பொருந்தும்?"

பன்னிரண்டு வருஷம் அவரிடம் வேலை பார்த்தவன் நான். அவர் எதிரில் உட்கார்ந்ததுகூட இல்லை. "அர்பாப், கையை நீட்டுங்க" என்று எப்படிச் சொல்வது?

"நான் கேட்க மாட்டேன்," என்றேன்.

"எதுக்குக் கேட்கணும்? வில்லா அளவெல்லாம் என் நோட்டுல இருக்கே," என்றாள். நோட்டைப் புரட்டினாள். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்: பதிமூன்றரை அங்குலம்.

டைல்ஸ் கடைக்காரனுக்குச் சென்டிமீட்டர்தான் தெரியும். அங்குலம் எனக்கு அந்நிய தேசம். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

துப்பாக்கிக் கடை சேல்ஸ்மேன் அழகுமலை சிவகங்கைக்காரர். சீட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "பாய், உங்க அர்பாப் ஆறடி ஆளாச்சே. பதிமூணரை கம்மியா இருக்கே?"

"அழகுமலை, நீங்க எத்தனை வருஷமா அவருக்கு வேலை பார்க்கிறீங்க?"

"நான் பார்க்கலையே பாய்."

"நான் பன்னிரண்டு வருஷம். வெட்டுங்க."

வெட்டினார். லைசென்ஸ் காகிதங்களை அர்பாப் முடித்தார். நான் மொராக்கோ மலைக் குளிருக்குக் கம்பளிக் காலுறை நாலு ஜோடி வாங்கி, கடையில் டைல்ஸ் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, துப்பாக்கி சுடும் கிளப்பில் பரீட்சை. அர்பாபுடன் அவர் மனைவி உம்மு ஹானி மேடமும் வந்திருந்தார். மெஷின் ஒன்று களிமண் தட்டுகளை வானத்தில் வீசும். பறக்கும்போதே உடைக்க வேண்டும்.

அர்பாப் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். கட்டை குட்டை. அவர் மூக்கும் அவர் கட்டைவிரலும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. தட்டு பறந்தது. வெடி கேட்டது. தட்டு பத்திரமாகத் தரையில் இறங்கியது. அர்பாப் மூக்கைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"இங்கே கொடுங்க," என்றார் மேடம்.

வாங்கினார். வைத்தார். தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே துப்பாக்கி தானாகப் போய் உட்கார்ந்தது. ஒரு தட்டு பறந்தது, தூள். இரண்டாவது, தூள். இரண்டு சேர்ந்து பறந்தன, இரண்டும் தூள். சின்ன வயசில் தகப்பனார் தோட்டத்தில் சுட்டுப் பழகியவராம். வருஷா வருஷம் "நானும் வரேன்" என்று அவர் கேட்பதும், "உனக்குப் பொருந்துற துப்பாக்கி இல்லையே" என்று அர்பாப் நழுவுவதும் வழக்கமாம்.

"இப்ப இருக்கே," என்றார் மேடம்.

அர்பாப் மேடத்தையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "சேக்! எனக்குன்னு சொல்லி மேடமுக்கு எடுத்தியா? மாஷா அல்லாஹ்! கை அளவுகூடத் தப்பலையே! வேணும்னுதானே செஞ்சே?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 'இல்லை, தப்பு நடந்துவிட்டது' என்றால் வேலை போகும். 'ஆமாம்' என்றால் மேடம் போவார், என் மொராக்கோ போகும்.

"ஆமா அர்பாப்," என்றேன்.

அவர் என் முதுகில் தட்டினார். பழைய துப்பாக்கிக் கட்டையில் ரப்பர் வைத்துத் தான் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார். "மேடம் வர்றாங்க. இனி நீ எதுக்கு மலையில கஷ்டப்படணும்? உன் மச்சினனுக்குக் கல்யாணமாமே, மேடம் சொன்னாங்க. லீவு எடுத்துக்கோ. ரெண்டு பேருக்கும் டிக்கெட் என் செலவு. யல்லா!"

நான் வீட்டுக்கு வந்தபோது அஸ்மத் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். டைல்ஸ் பெட்டிக்குப் பின்னால் இருந்த நாலு ஜோடி காலுறையும் அதில் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

"அஸ்மத், நீ யாரோட அளவைக் கொடுத்தே?"

"வில்லா அளவு மச்சான். சொன்னேனே."

"துப்பாக்கிக்கு அர்பாபோட அளவுதானே வேணும்?"

"பொம்பளைத் துணி தைக்கிறவ நோட்டுல அர்பாப் அளவு எப்படி இருக்கும்?"

பன்னிரண்டு வருஷ சூப்பர்வைசருக்கு இது தோன்றவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது.

"மொராக்கோ விஷயம் உனக்கு எப்பத் தெரியும்?"

"உங்களுக்கு முந்தியே. மேடம்தான் சொல்லி வருத்தப்பட்டாங்க. இந்த வருஷமும் அவங்களை விட்டுட்டுப் போகப் போறார்னு. துப்பாக்கி வாங்குற பொறுப்பை உங்ககிட்டக் கொடுக்கச் சொல்லி அர்பாப் காதுல போடச் சொன்னதே நான்தான்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என்ன இருந்தாலும் மனைவியாயிற்றே.

"என் திறமை மேல அம்புட்டு நம்பிக்கையா அஸ்மத்?"

அவள் பெட்டியை அழுத்தி மூடினாள்.

"பின்னே? வேற யார்கிட்டயாச்சும் கொடுத்து, அவன் துப்பாக்கி தெரிஞ்சவனாப் போயிட்டா என்ன மச்சான் பண்றது?"