தினம் மூன்று தப்பு

திருவண்ணாமலையில் தினமும் மூன்று தப்பு செய்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்த ஒரே மனிதர் எங்கள் தப்பு சார்தான். மற்றவர்கள் தப்பே செய்யவில்லையா என்று கேட்காதீர்கள். செய்தார்கள். ஆனால் காலையில் டீ குடிக்கும்போதே 'இன்னைக்கு எந்த மூணு' என்று யோசித்து, துண்டுச்சீட்டில் எழுதி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து செய்தவர் அவர் ஒருவர்தான்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய தொடக்கப்பள்ளி எங்களுடையது. அவருக்கு இரண்டாம் வகுப்பு, எனக்கு மூன்றாம் வகுப்பு. நடுவில் ஒரு மரத்தடுப்பு. அதுவும் என் தோள் உயரம்தான். ஆறு வருடம் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்று அவருடைய நிஜப் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். தபால்காரரே வாசலில் நின்று "தப்பு சாருக்கு ரிஜிஸ்டர் தபால்!" என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய முறை இதுதான். கரும்பலகையில் மூன்று இடத்தில் வேண்டுமென்றே தப்பாக எழுதுவார். எட்டும் ஏழும் பதினாறு என்பார். 'மாடுகள் வந்தது' என்பார். பிள்ளைகள் கண்டுபிடித்து "தப்பு!" என்று கத்த வேண்டும். கத்தியதும் வகுப்பே மூன்று முறை கைதட்டும். கண்டுபிடித்த பிள்ளைக்கு இல்லை ஐயா, தப்பு செய்தவருக்கு! "தப்பு பண்ணவராலதானே நாம ஒண்ணு கத்துக்கிட்டோம்?" என்பார். கண்டுபிடித்த பிள்ளைக்கு வேறு பரிசு. சாக்பீஸை வாங்கிப் பலகையில் திருத்திவிட்டு, சாருடைய நாற்காலியில் போய் உட்காரலாம். அடுத்த தப்பு அகப்படும் வரை சார் தரையில் உட்கார்ந்திருப்பார்.

நல்லதுதானே என்கிறீர்களா? ஏழு வயசுப் பிள்ளைகள் இதை வகுப்போடு விட்டுவிட்டு வருமா என்ன!

ஒரு பௌர்ணமிக்கு, பள்ளிக்கு எதிரே அன்னதானப் பேனர் கட்டியிருந்தார்கள். 'பக்தர்கள் அன்புடன் அழைக்கப்படுகிறார்' என்று போட்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த ஐந்தாவது நிமிடம், பேனரில் கரித்துண்டால் ஒரு 'கள்' ஏறிவிட்டது. கட்டியவர் கொதித்துப்போய் வந்தார்.

"ரெண்டு எழுத்து கம்மி சார், அவ்ளோதான். அதுக்குப் போயி பேனரையே கரியாக்கிட்டாங்க!"

"பசங்களா, அண்ணன் தப்பை ஒத்துக்கிட்டாரு" என்றார் தப்பு சார். உடனே மூன்று கைதட்டு. வந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம், கோயிலில் பூஜை செய்யும் குருக்கள் ஒருவர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "சார், எங்காத்துப் பூஜையில நூத்தியெட்டு அர்ச்சனை பண்ணிண்டிருக்கேன். வந்தவா எல்லாம் கண்ணை மூடிண்டு நிக்கறா. இவ நடுவுல நின்னுண்டு 'அப்பா தப்பு, நூத்தியாறுதான் ஆச்சு'ன்னு கத்தறா!"

"நூத்தியெட்டு ஆயிருந்துச்சுங்களா சாமி?" என்று பணிவாகக் கேட்டார் சார்.

குருக்கள் அப்படியும் இப்படியும் பார்த்தார். "அது வேற விஷயம்" என்றார்.

இதையெல்லாம் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். என் தலையில் விடியும் வரை!

என் வகுப்பில் இருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் முந்தைய வருடம் தப்பு சாரிடம் படித்தவர்கள். அன்று காலை ஷேர் ஆட்டோவில் சண்டை, எனக்குத் தலைவலி. முந்நூறில் நூற்றுநாற்பத்தெட்டு போனால் நூற்றறுபத்திரண்டு என்று பலகையில் எழுதிவிட்டேன். இருபது பிள்ளைகள் எழுந்து நின்று "தப்பு!" என்றன. பட், பட், பட். போதாக்குறைக்கு, தடுப்புக்கு மேலே அவர் தலை வேறு முளைத்தது. "சூப்பர் தப்பு டீச்சர்! எனக்குக்கூட இது தோணல!"

அவர் பாராட்டித்தான் சொன்னார். ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவருக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே வட்டாரக் கல்வி அலுவலருக்குப் புகார் எழுதிவிட்டேன். 'பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லித் தருகிறார், இவரை வகுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும்.' கூச்சமே இல்லாமல் கையெழுத்தும் போட்டேன்.

இங்கே யாழினியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முந்தைய வருடம் ஒன்றாம் வகுப்பு டீச்சர் விடுப்பில் போனபோது, அந்தப் பிள்ளைகளையும் என் வகுப்பில்தான் உட்கார வைத்தார்கள். அப்போது இந்தக் குழந்தை கணக்கில் ஏதோ தப்பாகச் சொல்ல, நான் ஒரு கத்து கத்தினேன். அன்றைக்கு மூடிய வாய்தான், பிறகு பள்ளியில் திறக்கவே இல்லை. இரண்டாம் வகுப்புக்குப் போய் ஆறு மாதம் ஆகியும் பேசவில்லை. தப்பு சார் தினமும் அவளுக்கென்றே ஒன்று வைப்பார். அவள் மூக்குக்கு நேரே ஐந்து விரலைக் காட்டி "ஆறு" என்பார். அவள் பார்ப்பாள், சொல்ல மாட்டாள். "பரவால்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று எழுந்து போவார். எனக்குத் தடுப்புக்கு இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் தெரிந்தது.

அலுவலர் எங்கள் ஹெச்.எம். அம்மாவோடு வந்தார். நான் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். தப்பு சாருடைய நாற்காலியில் உட்கார்ந்து பலகையைப் பார்த்தார்.

"என்ன சார் இது? ஒன்பதும் ஆறும் பதினாலா?"

"ஆமாங்க சார். காலைல வெச்சது. மூணுல ரெண்டை எடுத்துட்டாங்க, அது ஒண்ணுதான் பாக்கி."

"வெச்சீங்களா? நீங்களே வெச்சீங்களா!" அலுவலர் ஃபைலைத் திறந்தார். மேலேயே என் கையெழுத்து தெரிந்தது. "புகார் வந்திருக்கு சார். இப்படியே போனா உங்களை ஆபீஸ்ல ஃபைல் கட்டத்தான் அனுப்பணும்."

தப்பு சார் முகம் சுருங்கி அன்றுதான் பார்த்தேன். "பசங்களைக் கேட்டுப் பாருங்க சார்" என்றார், மெதுவாக.

அலுவலர் முன்வரிசையில் விரல் நீட்டினார். விரல் போய் நின்றது யாழினியிடம். போச்சுடா என்று நினைத்தேன்.

"பதிமூணுல அஞ்சு போனா எவ்ளோம்மா?"

அவள் தரையைப் பார்த்தாள். அவர் பார்த்தார், பொறுத்தார், பொறுமை போய்விட்டது. "ஏழு! ஏழும்மா! இதுகூட வராதா?"

தப்பு சார் அலுவலரைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பு."

யார் குரல் என்று எனக்கு முதலில் புரியவில்லை. அதைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் மூச்சு விடுவதற்குள் வகுப்பே தட்டியது. பட், பட், பட். அலுவலர் மேஜைக்கு அடியில் விரல் மடக்கிப் பார்த்தார். சந்தேகத்துக்கு இன்னொரு தரம் மடக்கிப் பார்த்தார். அதற்குள் யாழினி சாக்பீஸை வாங்கி, பலகையில் பெரிதாக எட்டு போட்டுவிட்டு, நேராக நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்னம்மா?"

"எழுந்திரிங்க சார். நான் உக்காரணும்."

ஹெச்.எம். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தப்பு சாரோ ஏற்கெனவே தரையில் உட்கார்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "இங்க வாங்க சார், இடம் இருக்கு." இஸ்திரி போட்ட பேன்ட்டோடு அந்த மனிதர் உட்கார்ந்தார் பாருங்கள்! உட்கார்ந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பத்து நிமிடம் எழுந்திருக்கவே இல்லை. பாக்கியிருந்த ஒன்பதும் ஆறும் அவர் கண்ணுக்கு முன்னாலேயே பதினைந்தானது.

போகும்போது என் பக்கம் வந்தார். புகார்க் காகிதம் கையில் இருந்தது. "டீச்சர், இது நீங்க எழுதினதுதானே?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் தப்பு சார் நின்றுகொண்டிருந்தார், அவருக்கும் கேட்டிருக்கும். "ஆமா சார்" என்றேன். "தப்பு பண்ணிட்டேன்."

பட், பட், பட்.

இரண்டு வகுப்பும் சேர்ந்து தட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. தப்பு சார் கோபப்படுவார், முறைப்பார் என்று பயந்து நிமிர்ந்து பார்க்கிறேன், தடுப்புக்கு மேலே நாற்காலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "கண்டுபிடிச்சதும் நீங்கதானே டீச்சர். பிடிங்க."

போன இடமாறுதல் கலந்தாய்வில் தப்பு சார் கீழ்பென்னாத்தூர் பக்கம் மாறிப் போய்விட்டார். நாற்காலியை மட்டும் அவர் திரும்பக் கேட்கவே இல்லை. இன்றும் அது என் வகுப்பில்தான் இருக்கிறது. நான் பெரும்பாலும் தரையில்தான் உட்காருகிறேன்.