ஹாஸ்டலுக்கு வந்த தாய்மாமன் சீர்

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சந்தோஷப்பட்டால் அது நாலு தெருவுக்குக் கேட்டாக வேண்டும். காது குத்து, சடங்கு, கல்யாணம், புது வீடு, எதுவானாலும் மேளம் முன்னால் வரும், சீர்த்தட்டுகள் பின்னால் வரும். இந்தக் கணக்கில் காலேஜ் ஹாஸ்டலும் சேர்த்தி என்று மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசியில், டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்து மதுரையில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சேர்ந்தேன். எங்கள் ஊரிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் நான்தான் (இதை இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று என் கணவரைக் கேளுங்கள், அழுதுவிடுவார்). வந்த ஒரே வாரத்தில் பட்டணத்துக்காரி ஆகிவிட்டதாக எனக்கு நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோரிப்பாளையம் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்தது. எல்லோரும் மாடி வராந்தாவுக்கு ஓடினோம்.

"எந்தப் பட்டிக்காட்டுக் கூட்டம்டி இது, ரோட்டையே அடைச்சுக்கிட்டு வருது?" என்று சிரித்தேன். என் சிரிப்புதான் அங்கே பெரிசு. கூட்டம் எங்கள் கேட்டுக்குள் திரும்பியது. பச்சைத் துண்டில் தலைப்பாகை கட்டி முன்னால் வந்தவர் என் தாய்மாமன் தவசி.

"ஏண்டி, அவரு ஒன்னையப் பாத்துல்ல கையாட்டுறாரு?" என்றாள் பக்கத்துக் கட்டில் நூர்ஜஹான்.

இல்லை என்று சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள், "ஆத்தா செல்வி! மாமன் வந்துட்டேன்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

நான் இறங்கி ஓடுவதற்குள் வார்டன் மேடம் வெளியே வந்துவிட்டார். கல்யாணம் நிச்சயமான பெண்களுக்கு எங்கள் ஹாஸ்டலில் இடம் கிடையாது. பாதியில் படிப்பை விட்டுப் போகிறவர்களைப் பார்த்து வெறுத்துப்போய் அவரே போட்ட சட்டம் அது. இப்போது அவர் கண் முன்னால் தேங்காய், பழம், பட்டுத் தாவணி, போதாக்குறைக்கு இரண்டு மாலைகள். தாய்மாமனையே கட்டிக்கொள்ளும் ஊர்க்காரர்கள் நாங்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

"பரிசம் போடுறதையெல்லாம் வீட்டோட வச்சுக்கக் கூடாதா? செல்வி, போய்ப் பெட்டியைக் கட்டு."

மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினேன். அதைத் தங்களுக்கான அழைப்பாக எடுத்துக்கொண்டு மேளக்காரர்கள் இன்னும் பலமாக அடித்தார்கள்.

"பரிசமா? எம்பொண்டாட்டி இந்தா நிக்கிறா டீச்சரம்மா!" என்று மாமா பதறினார். அத்தை பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்ப ரெண்டு மாலை எதுக்கு?"

"ஒண்ணு புள்ளைக்கு. இன்னொண்ணு அவளப் பாத்துக்கப்போற ஒங்களுக்கு!" என்றபடி மாமா மாலையை விரித்துக்கொண்டு, கல்யாணமே வேண்டாம் என்றிருந்த எங்கள் வார்டனை நோக்கி நடந்துவிட்டார். மாடியில் ஒரே கூச்சல். மேடம் பின்வாங்கிப் பூந்தொட்டியில் இடித்துக்கொண்டார். அத்தை பாய்ந்துபோய் மாலையைப் பிடுங்கினாள்.

"அறிவிருக்காய்யா ஒமக்கு!"

அப்போதுதான் மேடம் கடைசித் தட்டுகளைக் கவனித்தார். குங்குமப் பொட்டு வைத்த பிளாஸ்டிக் வாளி, மக்கு, தலையணை, மஞ்சள் தடவிய மைப் புட்டி.

"இதெல்லாம் என்ன?"

மாமாவின் குரல் இறங்கிவிட்டது. "இவ ஆளானதுக்கு அம்புட்டுச் சீர் செஞ்சேன் டீச்சரம்மா. அதுக்கு இவ என்ன பண்ணுனா? அது தன்னால வந்தது. இது இவளாப் படிச்சு வாங்குன எடம். இதுக்கு மேளம் அடிக்கலைன்னா வேற எதுக்கு அடிக்கிறது?"

மேடம் அத்தையிடம் கையை நீட்டி மாலையை வாங்கிக்கொண்டார்.

"செல்வி, பெட்டியெல்லாம் கட்ட வேணாம். வாளிய எடுத்துக்கிட்டு உள்ள போ."

கழுத்தில் மாமா போட்ட மாலையும் கையில் வாளியுமாக, மாடியே கைதட்ட, நான் படியேறினேன். வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனால் பிற்பாடு பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எந்தப் பெண் ஹாஸ்டலுக்குப் போனாலும் தாய்மாமன் வாளி வைப்பது வழக்கமாகிவிட்டது. என் மகளை ஹாஸ்டலில் சேர்த்த அன்று என் தம்பி வெறுங்கையை வீசிக்கொண்டு காரிலிருந்து இறங்கினான். "வாளி எங்கடா? மேளம் எங்கடா?" என்று நடுரோட்டில் அவன் சட்டையைப் பிடித்தவள் நான். குடும்பத்தில் இப்போது இதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் மகள் அன்று காருக்குள்ளேயே குனிந்து ஒளிந்துகொண்டாள். ஒளியட்டும். மேளம் வந்த பிறகுதான் அவளை உள்ளே அனுப்பினேன்.